எலும்பில் ஒரு சின்னத் துளை: ஒரே மாதிரி முறிந்த இரண்டு கால்கள் ஏன் ஒரே மாதிரி சேர்வதில்லை?



எங்கள் மஹல்லாவில் இரண்டு இளைஞர்களுக்கு ஒரு மாத இடைவெளியில் கால் முறிந்தது. இருவரும் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு. இருவருக்கும் உள்ளே ராடு வைத்தார்கள். ஒருவர் ஐந்தாம் மாதம் கைத்தடி இல்லாமல் ஜும்ஆவுக்கு நடந்து வந்தார். இன்னொருவருக்கு ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு சேரவில்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு அவருடைய தாயார் எக்ஸ்ரே கவரைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் படியோரம் நின்றிருந்தார்.

"ஹஜ்ரத், அந்தப் பையனுக்குச் சேர்ந்துருச்சுங்க. எம் பையனுக்கு மட்டும் ஏனுங்க சேரல? எதைச் சாப்பிடறதுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறான். யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலீங்க. கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க."

ஓதினேன், துஆ செய்தேன். ஆனால் அந்தத் தாய் கேட்ட "ஏன்" என்ற கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நான் மருத்துவன் அல்ல. ஓதியது மதரஸாவில், பிறகு படித்தது கலைக் கல்லூரியில். எனவே தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் எலும்பை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஒரு துளையைக் காட்டினார். குண்டூசியின் தலை நுழையும் அளவுதான் இருக்கும். "பதிலில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது" என்றார். அன்று அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எலும்பு என்றாலே கல், கட்டை போன்ற ஏதோ ஒன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். அது உயிருள்ள பொருள். அதற்கும் இரத்தம் வேண்டும், ஆக்ஸிஜன் வேண்டும். அடிபட்டால் அதிலிருந்தும் இரத்தம் கசியும். நம்ப முடியாதவர்கள் அடுத்த முறை ஆட்டு நல்லி வாங்கும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். சூப் வைத்து முடித்த பிறகு, முழங்காலுக்குக் கீழுள்ள நீள எலும்பைச் சதையும் சவ்வும் போகத் தேய்த்துக் கழுவி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் சிறு பள்ளம் நீளவாக்கில் ஓடி ஒரு துளைக்குள் இறங்கும். தென்னை ஈர்க்கின் நுனியை அதில் விட்டால் நேராகப் போகாது, சாய்வாக உள்ளே போய் மஜ்ஜை இருக்கும் குழியை எட்டும். அதன் வழியாகத்தான் ஒரு இரத்தக் குழாய் எலும்புக்குள் நுழைகிறது. அந்தக் குழாய்க்கு ஊட்டத் தமனி என்றும், துளைக்கு ஊட்டத் துளை என்றும் பெயர். வருடா வருடம் குர்பானி கொடுக்கும் நம் வீடுகளில் அந்த எலும்பை எத்தனையோ முறை கையில் எடுத்திருப்போம். துளையைத்தான் பார்த்திருக்க மாட்டோம்.

மனிதனின் காலில் மூன்று நீள எலும்புகள் உண்டு. தொடை எலும்பு, முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் இருக்கும் பருத்த டிபியா, அதற்கு வெளிப்பக்கம் மெல்லியதாக ஒட்டி நிற்கும் ஃபிபுலா. மூன்றிலும் பெரும்பாலும் நடுத்தண்டின் பின்பக்கமாகத்தான் துளை இருக்கிறது. முன்பக்கம் அடிபடும் இடம், பின்பக்கம் சதை மூடிய இடம் என்பதைக் கவனியுங்கள். தொடை எலும்பில் பின்னால் நீளமாக ஒரு முகடு ஓடும், அதை ஒட்டி ஒரு துளையோ இரண்டு துளைகளோ இருக்கும். ஃபிபுலாவில் ஏறக்குறைய நடுவில் ஒன்று. டிபியாவில் மேலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று. டிபியாவுக்குள் நுழையும் ஊட்டத் தமனிதான் மனித உடலிலுள்ள ஊட்டத் தமனிகளிலேயே பெரியது என்று உடற்கூறு நூல்கள் சொல்கின்றன.

துளை சாயும் திசையிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தொடை எலும்பின் துளை மேல்நோக்கிச் சாயும், டிபியாவின் துளை கீழ்நோக்கிச் சாயும். அதாவது இரண்டும் முழங்காலை விட்டு விலகிப் போகின்றன. கையில் இதற்கு நேர்மாறு: மேல்கை எலும்பிலும் முன்கை எலும்புகளிலும் துளைகள் முழங்கையை நோக்கிச் சாயும். "முழங்கைக்குப் போ, முழங்காலை விட்டு ஓடு" என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நாம் ஸர்ஃப் வாய்பாடு ஒப்பித்த மாதிரிதான். காரணம் எளிது. பிள்ளை வளரும்போது காலின் வளர்ச்சி பெரும்பாலும் முழங்கால் பக்கத்து முனைகளில்தான் நடக்கிறது. எலும்பு அந்தப் பக்கமாக நீள நீள, முதலில் நேராக நுழைந்த குழாய் எதிர்த்திசையில் சாய்ந்துவிடுகிறது.

இவ்வளவும் பொது விதி. இனி வருவதுதான் அந்தத் தாயின் கேள்விக்கு அருகில் போகும் செய்தி. விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை.

இதை ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எலும்புகளைக் குவித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்த பழைய உதாரணம் ஒன்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது. பாக்தாதில் பிறந்த அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், அதாவது கி.பி. 1200 வாக்கில், எகிப்தில் இருந்தார். அங்கே கொடும் பஞ்சம் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அல்-மக்ஸ் என்ற இடத்தில் மேடு மேடாகக் கிடந்த எலும்புகளை அவர் நேரில் போய் ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் எழுதியிருந்ததை ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் ஒப்பித்து வந்தார்கள். அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டை ஓடுகளைப் பார்த்து, தாடை ஒரே எலும்புதான் என்று எழுதினார். ஜாலினூஸ் மீது பெரிய மரியாதை வைத்திருந்தவர்தான் அவர். ஆனாலும் கண்ணால் கண்டதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஊட்டத் துளைகளையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். நம் நாட்டைச் சேர்ந்த மைசோரேக்கர் என்ற உடற்கூறு அறிஞர் 1967இல் கை, கால் நீள எலும்புகளின் ஊட்டத் துளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2011இல் மங்களூர் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியினர் கால் எலும்புகளை மட்டும் எடுத்து அளந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: டிபியாவில் பெரும்பாலோருக்கு ஒரு துளை, சிலருக்கு இரண்டு. தொடை எலும்பில் ஒன்று அல்லது இரண்டு, அபூர்வமாக மூன்று. ஃபிபுலாவில் சிலருக்குத் துளையே இல்லை, சிலருக்கு விதிக்கு மாறாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. துளை இருக்கும் உயரமும் ஆளுக்கு ஆள் ஏறி இறங்குகிறது.

இடையில் ஒரு வார்த்தை. இந்த எலும்புகள் எல்லாம் ஒரு காலத்தில் நம்மைப் போல் நடந்து திரிந்தவர்களுடையவை. இறந்தவரின் எலும்புக்கும் உயிருள்ளவரின் எலும்புக்குரிய கண்ணியம் உண்டு என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. அந்த மருத்துவர் எலும்பைத் திரும்ப வைக்கும்போது துணியில் சுற்றி வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, துளை எங்கே இருந்தால் என்ன? முறிவு ஏற்படும் வரை ஒன்றுமில்லை. முறிந்த பிறகுதான் விஷயம்.

நீள எலும்பின் தண்டுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஒன்று, துளை வழியாக உள்ளே போய் மஜ்ஜைக்குள் மேலும் கீழும் கிளைவிடும் ஊட்டத் தமனி. எலும்புச் சுவரின் உட்பகுதியில் பெரும்பங்கு இதை நம்பித்தான் இருக்கிறது. இன்னொன்று, எலும்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மேலுறையிலிருந்தும் ஒட்டியுள்ள சதையிலிருந்தும் வரும் சிறு குழாய்கள். இவை வெளிப்பகுதியைக் கவனிக்கின்றன. டிபியாவில் ஊட்டத் தமனி மேலே நுழைந்து கீழ்நோக்கி இறங்குகிறது அல்லவா? துளைக்குக் கீழே எலும்பு முறிந்தால் உள்ளே இறங்கும் அந்தக் கிளையும் அறுந்துபோகும். மேல் துண்டுக்குப் பாதிப்பில்லை. கீழ்த் துண்டு மட்டும் வெளிவழியை நம்பி நிற்க வேண்டும்.

வெளிவழி எப்படி இருக்கிறது? உங்கள் காலை நீங்களே தொட்டுப் பாருங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முன்னால் உட்பக்கமாகக் கையை ஓட்டினால் தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். சதை இல்லை. கீழே போகப்போக, கணுக்காலுக்கு மேலே, பின்பக்கச் சதையும் நரம்பு மாதிரி தசைநாணாகச் சுருங்கிவிடுகிறது. சதை குறைந்தால் இரத்தமும் குறைவு. அதனால்தான் டிபியாவின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஏற்படும் முறிவு சேரத் தாமதமாகிறது என்று எலும்பு மருத்துவர்கள் எப்போதும் எச்சரிக்கிறார்கள். எங்கள் மஹல்லாவின் முதல் இளைஞருக்கு முறிந்தது நடுவில், தோல் கிழியாமல். இரண்டாமவருக்குக் கீழே, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவு. பார்ப்பவர்களுக்கு "ரெண்டு பேருக்கும் அதே கால், அதே ராடு". எலும்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு விபத்து.

ராடு என்றதும் ஒரு சந்தேகம் வரும். மஜ்ஜைக்குள் கம்பியைச் செலுத்தினால் மிச்சம் இருக்கும் உள்வழியும் கெட்டுவிடாதா? கெடும், கொஞ்ச காலத்துக்கு. ஜெர்மன் மருத்துவர் குன்ச்சர் 1940இல் இந்த முறையை மருத்துவர் அவையில் அறிவித்தபோதே பலர் பயந்து எதிர்த்தார்கள். ஆனால் எலும்பு அந்தக் குறையை வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்கிறது. வெளியுறையின் குழாய்கள் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்கின்றன, சில வாரங்களில் உள்ளேயும் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. இதற்கு ஒரே நிபந்தனை, வெளியுறையும் சதையும் நன்றாக இருக்க வேண்டும். விபத்தில் அவையும் பிய்ந்துபோனால் இரண்டு வழியும் அடைபட்டுப் போகும்.

அவிநாசி சாலையிலும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையிலும் நடக்கும் விபத்துகளில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரிக் கால்கள்தான். இரவு ஷிப்ட் முடிந்து திருப்பூரிலிருந்து வண்டியில் திரும்பும் பிள்ளைகள் எந்த மஹல்லாவில் இல்லை? இந்த விஷயத்தில் கோவைக்கு உலக மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் குழுவினர், தோல் கிழிந்து சிதைந்த டிபியா முறிவுகள் 109ஐத் தொடர்ந்து கவனித்து, 2006இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். எங்கும் அது கங்கா மருத்துவமனை மதிப்பெண் என்றே அழைக்கப்படுகிறது. மூடியிருக்கும் தோல், எலும்பு, சதை–நரம்பு ஆகிய மூன்றுக்கும் சேதத்தைப் பொறுத்து 1 முதல் 5 வரை தனித்தனியே மதிப்பெண். அதோடு நிலைமையை மோசமாக்கும் ஏழு காரணங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் கூடும். 14க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம். 17ஐத் தொட்டால் காலை எடுப்பதே நோயாளிக்கு நல்லது. இடைப்பட்டதை அனுபவமுள்ள மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்வார்.

அந்த ஏழு காரணங்களில் சிலவற்றை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமாவது, சாக்கடை நீரோ மாட்டுக் கொட்டகை மண்ணோ காயத்தில் படுவது, மருந்து சாப்பிடும் சர்க்கரை நோய், 65 வயதைக் கடந்திருப்பது. வயதை நாம் மாற்ற முடியாது. 12 மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் அதை எங்கே தொலைக்கிறோம்? "ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டால் சரியாயிடும்" என்று யாரோ சொல்ல, எலும்பு வெளியே தெரியும் காலோடு வண்டி பிடித்துக் கட்டு வைத்தியரைத் தேடிப் போகிறோம். மூடிய சிறு முறிவு கட்டுப் போட்டுச் சேர்ந்த கதைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தோல் கிழிந்த முறிவில் மூங்கில் தப்பையை வைத்து இறுக்கினால், மேலே சொன்ன வெளிவழியையும் நம் கையாலேயே நெரிக்கிறோம். விரல்கள் குளிர்ந்து, மரத்து, கறுத்து வந்த பிறகு எந்த மருத்துவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கட்டோ மாவுக்கட்டோ எதுவாக இருந்தாலும், போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனால், விரலை அசைக்கவே முடியாத அளவுக்கு வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பெரிய காயங்களில் எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் சேர்ந்து நிற்பதன் காரணமும் இப்போது புரியும். உடம்பின் வேறிடத்திலிருந்து சதையை எடுத்து முறிந்த இடத்தை மூடுவது அழகுக்காக அல்ல. அந்தச் சதையோடு இரத்தமும் வருகிறது.

ஊட்டத் துளையின் இடம் தெரிந்திருப்பது வேறொரு சிகிச்சையில் இன்னும் நேரடியாகப் பயன்படுகிறது. ஃபிபுலாவின் நடுப்பகுதியை அதன் இரத்தக் குழாயோடு வெட்டியெடுத்து, உடம்பில் எலும்பு இழந்த வேறிடத்தில் வைத்து, குழாயை அங்குள்ள குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டெய்லர் குழுவினர் 1975இல் இதை வெளியிட்டார்கள். 1989இல் நியூயார்க்கின் ஹிடால்கோ இதே எலும்பால் கீழ்த்தாடையை அமைக்க முடியும் என்று காட்டினார். பான், ஹான்ஸ், குட்கா போட்டு வாயில் புற்று வந்து தாடையை இழந்த எத்தனையோ பேருக்கு இன்று புதுத் தாடை அவர்களுடைய காலிலிருந்துதான் வருகிறது. எடுக்கும் துண்டுக்குள் ஊட்டத் துளை அடங்கும்படி மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கணுக்காலும் முழங்காலும் ஆடாமல் இருக்க இரு முனைகளையும் விட்டுவிடுவார்கள். முன்கூட்டியே ஸ்கேனும் எடுப்பார்கள். ஏனென்றால் சிலருக்கு ஃபிபுலாவை ஒட்டிப் போகும் அந்தத் தமனிதான் பாதத்துக்கே பெரும்பங்கு இரத்தம் கொடுக்கும். அவர்களிடம் அதை எடுத்தால் பாதம் போய்விடும். இங்கேயும் ஆளுக்கு ஆள் வேறுபாடுதான்.

மீண்டும் அந்தத் தாயிடம் வருவோம். துளை இருக்கும் இடம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அடியின் வேகம், கிழிந்த தோல், கிருமி, சர்க்கரை எல்லாம் சேர்ந்துதான். நான் அவரிடம் சொன்னது, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள் என்றுதான். "நீ சரியாச் சாப்பிடல, நீ சொன்னபேச்சுக் கேக்கல" என்று தினமும் குத்திக் காட்டினால் எலும்பு சேரப்போவதில்லை. அந்தப் பையன் ஏற்கனவே ஒடிந்துபோய்க் கிடக்கிறான். ஆனால் அவன் விட வேண்டியது ஒன்று இருந்தது, சிகரெட். புகை சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். இதை மருத்துவரே அவனிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எங்கள் துறை சம்பந்தப்பட்டது. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த ஒருவர், ரமளானில் மனம் கேட்காமல் ஸஃப்பில் நின்று தராவீஹ் தொழுதார். மறு எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மார்க்கம் அதை அவரிடம் கேட்கவில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். நம்பத்தகுந்த மருத்துவர் நிற்காதே என்றால் அது தக்க காரணம்தான். ஒளூவுக்காக மாவுக்கட்டை நனைக்கவோ கழற்றவோ வேண்டியதில்லை. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் கட்டின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் அதோடு தயம்மும் சேர்த்துக்கொள்வார்கள். கட்டு எத்தனை மாதம் இருந்தாலும் சரி. காலுறை மஸ்ஹுக்கு உள்ள நாள் கணக்கு இதற்கு இல்லை.

கடைசியாக ஒரு எக்ஸ்ரே விஷயம். சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர், மைதானத்தில் விழுந்த தன் மகனின் காலில் "கீறல் விழுந்திருக்கு" என்று ஒருவர் சொன்னதாகப் பதறிக்கொண்டு வந்தார். எலும்பின் ஒரு பக்கச் சுவரில் சாய்வாக ஒரு மெல்லிய கருங்கோடு. பையனோ வலி இல்லாமல் நடக்கிறான். மருத்துவரிடம் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, அது கீறல் அல்ல, ஊட்டத் தமனி போகும் பாதை என்றார். முறிவுக் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும், பெரும்பாலும் எலும்பின் மறுபக்கச் சுவரையும் எட்டும், தொட்டால் அந்த இடத்தில் வலிக்கும். ஊட்டப் பாதையின் விளிம்போ வழவழப்பாக, சற்று வெண்மையாக இருக்கும், ஒரு சுவரோடு நின்றுவிடும், முழங்காலை விட்டு விலகியே சாயும். ஆனாலும் எக்ஸ்ரேயை நாமே விளக்கில் பிடித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வலி இருந்தால், கோடு எதுவாக இருந்தாலும், எலும்பு மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களைத் தேதி வாரியாக ஒரே கவரில் வைத்திருங்கள். அந்தத் தாய் அப்படித்தான் வைத்திருந்தார். ஒன்பது மாதப் படங்களையும் வரிசையாகப் பார்த்துத்தான், இனிக் காத்திருந்து பயனில்லை, இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் எடுத்த படத்தில் முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக எலும்பு படர ஆரம்பித்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

துஆ செய்யுங்கள்.